டானிக்கில் ஏறாத ரத்தம்: அப்ளாஸ்டிக் அனீமியா பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. உடம்பில் அங்கங்கே நீலத் திட்டுகள். பல் துலக்கினால் ஈறில் ரத்தம். ஹீமோகுளோபின் 6.2, வெள்ளணு 1,800, தட்டணு (பிளேட்லெட்) 14,000. ‘அப்ளாஸ்டிக் அனீமியா மாதிரி இருக்கிறது, மஜ்ஜை எடுத்துப் பார்க்கணும்’ என்கிறார்கள். இது ரத்தப் புற்றுநோயா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்ளாஸ்டிக் அனீமியா என்று உறுதியானால், அது புற்றுநோய் அல்ல. ரத்தப் புற்றில் கெட்ட அணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்ளும். இதில் மஜ்ஜை காலியாகி, அந்த இடத்தில் கொழுப்பு நிரம்பிவிடும். மூன்று வகை அணுக்களுக்கும் தாயான ஸ்டெம் செல்களைப் பெரும்பாலும் நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களான டி-செல்களே தாக்கி அழிக்கின்றன. ஏன் என்பது பலருக்குப் பிடிபடுவதே இல்லை.

ஆனால் மஜ்ஜைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பி12 குறைந்தாலும் மூன்று அணுக்களும் இறங்கும். அது சில ஊசிகளில் சரியாகிவிடும். ரத்தப் புற்றும் சிலருக்கு இதே எண்ணிக்கையோடுதான் தொடங்கும். ஊசி குத்துவது முதுகுத்தண்டில் அல்ல, இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில். மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும், மஜ்ஜையை உறிஞ்சும் சில நொடிகள் காலுக்குள் சுரீரென்று இழுக்கும். பிறகு ஊதுபத்திக் குச்சி கனத்தில், சுமார் 2 செ.மீ. நீளத்துக்கு எலும்புத் துண்டு ஒன்று எடுப்பார்கள். தட்டணு குறைவாக இருப்பதால், எடுத்த இடத்தை நன்றாக அழுத்திப் பிடித்து, மல்லாந்து படுக்கவைப்பார்கள்.

ரிப்போர்ட்டில் 1,800 என்பதைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். அதில் கிருமிகளோடு போராடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 20 சதவீதம் என்றால் கையில் இருப்பது 360தான். 500-க்குக் கீழே நியூட்ரோஃபில், 20,000-க்குக் கீழே தட்டணு, கூடவே மஜ்ஜையில் அணுக்கள் 25 சதவீதத்துக்கும் குறைவு என்றால் ‘தீவிர’ வகை.

சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா நீங்கள்? மகன் குள்ளமா, கட்டைவிரலில் குறை உண்டா? மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ஃபான்கோனி அனீமியா என்ற பரம்பரை நோயானால் சிகிச்சையே வேறு. மஜ்ஜை மாற்றுக்கு முன் வழக்கமான அளவில் கொடுக்கும் கீமோ மருந்தை அந்த உடம்பு தாங்காது.

கேள்வி: பீட்ரூட், பேரீச்சை, முருங்கைக்கீரை, கூடவே இரும்புச்சத்து டானிக். இரண்டு மாதமாகியும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே?
- வாசகர், கரூர்

பதில்: இரும்பு என்ற செங்கல் குவிந்து கிடக்கிறது, மஜ்ஜை என்ற கொத்தனார்தான் இல்லை. ஏற்றும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு ஒரு நாளில் வெளியேற்றுவதோ 1, 2 மில்லிகிராம். மிச்சம் கல்லீரலிலும் இதயத்திலும் படியும். மருத்துவரைக் கேட்டு டானிக்கை நிறுத்துங்கள். கீரை நல்லதுதான், வேகவைத்துக் கொடுங்கள். கடை ஜூஸும் பச்சைக் காய்கறி சாலட்டும் வேண்டாம்.

கேள்வி: தம்பியும் தங்கையும் ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். பாசத்தில் பலர் செய்யும் தவறு இது. உடன்பிறந்தவர் ஒவ்வொருவரின் மஜ்ஜையும் முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு உண்டு; 40 வயதுக்குள் இருப்பவருக்குப் பொருத்தமான தானம் கிடைத்தால் மஜ்ஜை மாற்றுதான் முதல் தேர்வு. இப்போதே அவர்கள் ரத்தத்தை ஏற்றினால், நோயாளியின் உடம்பு அதை எதிரியாகப் பழகிக்கொண்டு, பிற்பாடு மஜ்ஜையையும் நிராகரிக்கக்கூடும். அவர்கள் வேறு நோயாளிக்குக் கொடுக்கட்டும். உங்களுக்கு ரத்த வங்கியிலிருந்து வெள்ளணு வடிகட்டிய, கதிர்வீச்சு கொடுத்த ரத்தம் கேளுங்கள்.

யாரும் பொருந்தாவிட்டால் டி-செல்களை அடக்கும் ஏ.டி.ஜி. ஊசி, சைக்ளோஸ்போரின், கூடவே மஜ்ஜையைத் தூண்டும் எல்ட்ராம்போபேக். பலன் தெரியவே 3 முதல் 6 மாதம் பிடிக்கும். ‘ஒரு மாசமாச்சு, ஒண்ணும் ஏறல’ என்று மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

கேள்வி: இந்த நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் என்ன கொடுக்கலாம்?
- வாசகர், சிவகாசி

பதில்: எதுவும் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரி. வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இடுப்புத் தசையில் போடும் ஊசி எதற்கும் சம்மதிக்காதீர்கள், ரத்தம் கசியும். கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளை எப்போதும் கைப்பையிலேயே வைத்திருங்கள். அவசரப் பிரிவில் இருப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.