ஊசி போட்டாச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?

வணக்கம். அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்காக லியூப்ரோலைடு ஊசி போட்டு 4 நாள்தான் ஆகிறது, பைகலூட்டமைடு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இந்தப் புற்றுநோயை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை இந்த ஊசி உடனே குறைப்பதில்லை. முதல் ஓரிரு வாரம் அதை ஏற்றிவிட்டு, பிறகுதான் இறக்கும்; நன்றாக இறங்க 3, 4 வாரம் ஆகும். அந்த இடைவெளியில் புற்றுநோய் தூண்டப்படாமல் தடுப்பது இந்த மாத்திரைதான். அப்பாவுக்கு முதுகெலும்பிலும் பரவியிருக்கிறது என்கிறீர்கள்; அங்கே கட்டி தூண்டப்பட்டால் தண்டுவடத்தை அழுத்தலாம், அதனால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு, திடீரென்று கடுமையான முதுகுவலி, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

குமட்டலுக்கு, உணவுக்குப் பிறகு மாத்திரையைக் கொடுத்துப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால், அல்லது கண் மஞ்சளாகி சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனால், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த மருந்து சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும், ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறாரா? இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும், அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.