ஆப்பிரிக்க இசை படிக்கப் போறீங்களா? யூனிவர்சிட்டிய அப்புறம் பாக்கலாம், மொதல்ல எந்த ஊர் இசைன்னு முடிவு பண்ணுங்க

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "பிஎஸ்சி பிசிக்ஸ் முடிச்சேன், சின்ன வயசுலேர்ந்து மிருதங்கம் வாசிக்கறேன், கானா ட்ரம்மிங் வீடியோ பாத்து பைத்தியமாயிட்டேன். மியூசிக்காலஜி படிக்கணுமா எத்னோமியூசிக்காலஜியா? மியூசிக் டிகிரி இல்லாம சேத்துப்பாங்களா? வேலை கிடைக்குமா?"

தம்பி, உங்களுக்கு எத்னோமியூசிக்காலஜி தான். மியூசிக்காலஜின்னு போர்டு போட்ட இடத்துல பெரும்பாலும் ஐரோப்பிய இசை வரலாறு, எழுதி வெச்ச பழைய இசைத்தாள், கம்போசர்னு போகும். எத்னோமியூசிக்காலஜில நீங்களே அந்த ஊர்ல போய் உக்காந்து வாசிக்க கத்துக்கிட்டு, யாரு எப்போ எதுக்காக வாசிக்கறாங்கன்னு விசாரிச்சு எழுதணும். ஆனா சில யூனிவர்சிட்டில ரெண்டும் ஒரே டிபார்ட்மெண்ட்ல இருக்கு, அதனால பேரை விட்டுட்டு என்னென்ன பேப்பர் வைக்கறாங்கன்னு பாருங்க.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நிறைய பேர் அப்ளிகேஷன்ல "எனக்கு ஆப்பிரிக்க ரிதம்ல ஆர்வம்"னு எழுதிடறாங்க, படிக்கற ப்ரொஃபசருக்கு அதுலயே பாதி ஆர்வம் போயிடும். கானாவுல எவே மக்களோட ட்ரம் குழு ஒரு உலகம், ஜிம்பாப்வேல ஷோனா மக்கள் கட்டைவிரலால மீட்டற ம்பிராங்கற வாத்தியம் வேற உலகம், உகாண்டாவோட அமடிண்டாங்கற மர வாத்தியத்துல குச்சியால அடிக்கற 12 கட்டை, ரெண்டு பேர் எதிரெதிரா உக்காந்து ஒருத்தர் அடிக்கற இடைவெளில இன்னொருத்தர் அடிப்பார், ரெண்டு பேருமே தனியா வாசிக்காத ஒரு மெலடி நம்ம காதுக்கு கேக்கும். இதை எல்லாம் ஒரே பையில போட்டு "ஆப்பிரிக்கான்னா ட்ரம்"னு பேசறதை கானாவுல பொறந்த இசை ஆராய்ச்சியாளர் கோஃபி அகாவு 2003-லயே புக்கா எழுதி கிழிச்சிட்டார்.

உங்க வீடியோ கானான்னு சொல்றதால எவே இசையவே வெச்சு சொல்றேன். அவங்களோட அக்பாட்சாங்கற ஆட்ட இசைல இரும்பு மணி ஒண்ணு ஓடிட்டே இருக்கும், காங்கோகுயின்னு பேரு. 12 துடிப்புல 7 அடி, 1, 3, 5, 6, 8, 10, 12. நீங்க உடனே மூணு மூணு துடிப்பா நாலு தகிடன்னு கணக்கு போடுவீங்க, தகிட ஆரம்பிக்கற இடம் 1, 4, 7, 10, அதுல மணி விழறது 1-லயும் 10-லயும் மட்டும் தான், நடுவுல ரெண்டு இடம் காலி. அங்க தான் மிருதங்கக்காரங்க தடுமாறுவாங்க. அந்த நாலு இடத்தை காட்டறது ஆடறவங்க கால், அதனால ஆட கத்துக்காம வாசிக்க வராது. ஒரு நல்ல விஷயம், ட்ரம் அடியை அவங்களும் வாயால சொல்லித்தான் சொல்லிக்கொடுப்பாங்க, சொல்கட்டு பழகின உங்களுக்கு அது சுலபமா வரும். ஆனா பெரிய ட்ரம் அடி பல இடத்துல பேச்சோட ஏத்த இறக்கத்தை ஒட்டி வரும், அதனால எவே மொழி கொஞ்சமாவது தெரியணும்.

எங்க படிக்கறதுன்னா, கானாவுக்கு லெகான்ல இருக்கற கானா யூனிவர்சிட்டி தான், இசை ஆராய்ச்சியாளர் க்வாபெனா ந்கெட்டியா (1921-2019) வளர்த்த இடம். தென் ஆப்பிரிக்கால மகாண்டா ஊர்ல ரோட்ஸ் யூனிவர்சிட்டி, ஆப்பிரிக்க இசையை ஊர் ஊரா போய் பதிவு பண்ணின ஹ்யூ ட்ரேசி 1954-ல ஆரம்பிச்ச ஆப்பிரிக்க இசை நூலகம் 1978-லேர்ந்து அங்க இருக்கு, ஆர்க்கைவ் வேலை, அதாவது பழைய பதிவுகளை பாதுகாக்கற வேலை பிடிச்சா அதை விட நல்ல இடம் எனக்கு தெரியாது. வாசிக்கறது தான் முக்கியம்னா கேப் டவுன் யூனிவர்சிட்டி. அமெரிக்கான்னா வெஸ்லியன் யூனிவர்சிட்டி, கானா ட்ரம்மிங் ஏப்ரஹாம் அட்சென்யா பல வருஷம் சொல்லிக்கொடுத்த இடம், அங்கயே தான் டி. ரங்கநாதன் மிருதங்கமும் டி. விஸ்வநாதன் புல்லாங்குழலும் சொல்லிக்கொடுத்தாங்க, உங்க பின்னணிய அங்க தனியா விளக்க வேண்டியதில்ல.

மியூசிக் டிகிரி இல்லாம எம்.ஏ.க்கு சில இடத்துல எடுத்துப்பாங்க, ஆனா ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது அஞ்சு கோட்டுல இசைய எழுதற மேற்கத்திய முறையோட அடிப்படை படிச்சு வைங்க. கட்டம் போட்டு அடியை எழுதற முறையும் இருக்கு, அது உங்களுக்கு ஒரே நாள்ல வந்துடும்.

வேலைன்னு கேட்டா ஒளிக்காம சொல்றேன், குறைவு தான். லெக்சரர் ஆகணும்னா பிஎச்டி வரைக்கும் போகணும், அமெரிக்கால அதுக்கு பெரும்பாலும் ஸ்டைபெண்ட் (உதவித்தொகை) உண்டு, எம்.ஏ.க்கு பல இடத்துல கைக்காசு தான், அதனால கடன் வாங்கி எம்.ஏ. போகாதீங்க. உங்க பிசிக்ஸ் உதவற இடம் ஒண்ணு இருக்கு, பழைய டேப்பை டிஜிட்டல் பண்றது, சவுண்ட் ஆர்க்கைவ் நடத்தறது. ட்ரேசி 1950-ல கென்யாவுல கிப்சிகிஸ் மக்கள் கிட்ட எடுத்த பதிவுகளை பல வருஷம் கழிச்சு அந்த ஊருக்கே கொண்டுபோய் கொடுத்தாங்க, இந்த மாதிரி வேலைக்கு இசையும் தெரியணும் மெஷினும் தெரியணும்.

அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு அக்பாட்சா பதிவை எடுத்து வேகத்தை குறைச்சு, மணி, குலுக்கி வாசிக்கற வாத்தியம், சின்ன ட்ரம் மூணையும் தனித்தனியா கட்டத்துல எழுதி, அதை இணைச்சு ப்ரொஃபசருக்கு சின்னதா ஒரு மெயில் போடுங்க, பதில் வர வாய்ப்பு அதிகம்.