கதவும் நிலையும்: புதுவீட்டு மரவேலை குறித்து வாசகர் கேட்டவை

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புதிதாகக் கட்டிய வீடுகளின் கதவு, நிலை, அலமாரி ஆகியவற்றைப் பற்றியவை. பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: ஐயா, தை மாதத்தில் புதுமனை புகுவிழா நடத்தினோம். அறைக்கதவுகள் தேக்குச் சட்டமும் பலகையுமாகச் செய்தவை. ஐப்பசி மழையில் இரண்டு கதவுகள் நிலையோடு இறுகிக்கொண்டு, தாழ்ப்பாள் போட முடியாமல் போயின. ஆசாரியை அழைத்து இழைக்கச் சொன்னோம். சித்திரையில் பார்த்தால் அதே கதவுகளில் விரல் நுனி நுழையும் அளவுக்குச் சந்து தெரிகிறது. பலகைகளின் ஓரத்தில் பாலிஷ் படாத வெளிர்க்கோடுகளும் தோன்றியுள்ளன. ஆசாரி மரக்கடையைக் குறை சொல்கிறார், கடைக்காரர் ஆசாரியைக் குறை சொல்கிறார். தவறு யாருடையது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, அவர்கள் இருவரையும்விட, முகூர்த்த நாளை முதலில் குறித்துவிட்டு அதற்குள் எல்லா வேலையையும் அடைத்துவிடும் நம் வழக்கத்தின் மீதுதான் பெரும்பங்கு தவறு என்பது என் உறுதியான கருத்து. பூச்சும் பட்டியும் தரையும் முடிந்த புதுவீட்டில் சுவர்களிலிருந்து மாதக்கணக்கில் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்த ஈரக்காற்றில் கொண்டுவந்து வைத்த கதவு அதை உறிஞ்சிச் சற்றே பருக்கும். வீடு காய்ந்து வெயிலும் ஏறும்போது இளைக்கும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, அகலவாக்கில்தான் மாறுகிறது. தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாக மாறும் மரம் என்றாலும் அதற்கும் இந்த இயல்பு உண்டு.

ஒரு கணக்கைப் பாருங்கள். கதவின் இருபக்கச் சட்டங்களும் ஆளுக்கு 5 அங்குலம் என்றால் மொத்தம் 10 அங்குல மரம் அகலவாக்கில் நிற்கிறது. அதன் ஈரப்பதம் 10 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காட்டுக்கு ஏறினால் கதவின் அகலம் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகக் கூடும். இதற்காகத்தான் நல்ல ஆசாரிகள் நிலைக்கும் கதவுக்கும் இடையே மேலேயும் இருபக்கமும் ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு அங்குலம், சந்து விடுகிறார்கள். சந்தே தெரியாமல் கதவு பொருந்த வேண்டும் என்று வீட்டுக்காரர் வற்புறுத்தி, ஆசாரியும் இசைந்து அரை நூலில் நிறுத்திவிட்டால், மழைக்காலத்தில் கதவு இறுகியே தீரும். அந்த நேரத்தில் இழைப்புளியை எடுத்தது இரண்டாவது தவறு. பருத்திருக்கும்போது இழைத்த மரம் வெயிலில் இளைத்தால் நீங்கள் காணும் சந்துதான் மிஞ்சும்.

இனி இறுகும் கதவை இழைப்பதற்கு முன், அது எங்கே உரசுகிறது என்று பாருங்கள். பூட்டுப் பக்கத்தின் மேல்மூலையில் மட்டும் உரசல் தடம் இருந்தால் மரம் பருக்கவில்லை, மேல்கீல் தளர்ந்து கதவு சாய்ந்திருக்கிறது. அந்தத் திருகாணிகளைக் கழற்றி, துளையில் மரக்குச்சியைப் பசையோடு அடைத்து, நீளமான திருகாணி போட்டால் சரியாகிவிடும். ஏழடிக் கதவுக்கு மூன்று கீல்கள் தேவை. இரண்டில் முடித்திருந்தால் மூன்றாவதைச் சேர்க்கச் சொல்லுங்கள். பூட்டுப் பக்கம் முழுவதும் ஒரே சீராக உரசினால்தான் அது ஈரத்தின் வேலை. அப்போதும் மாசி, பங்குனி வரை பொறுத்துப் பார்த்துவிட்டே இழைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள். முக்காலியில் ஏறி, கதவின் மேல்விளிம்பில் விரலை ஓட்டுங்கள். சொரசொரப்பாகப் பச்சை மரமாக இருந்தால், அங்கே பாலிஷ் போடவில்லை என்று பொருள். கீழ்விளிம்பும் அப்படித்தான் இருக்கும். கண்ணில் படாத இடம் என்று பெரும்பாலான வீடுகளில் இதை விட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் நார்முனைகள் திறந்திருப்பது அந்த இரண்டு விளிம்புகளில்தான். தரை துடைக்கும் நீரும் மழைக்காற்றின் ஈரமும் அவ்வழியேதான் வேகமாக உள்ளே ஏறுகின்றன. கோடையில் கதவைக் கழற்றி இரு விளிம்புகளிலும் மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலரும் பாலிஷும் இரண்டிரண்டு கை பூசச் சொல்லுங்கள். அரைநாள் வேலைதான், ஆனால் அடுத்த ஐப்பசியில் அதன் பலன் தெரியும்.

பலகை ஓரத்து வெளிர்க்கோடுகள் குறித்துக் கவலைப்பட வேண்டாம். சட்டத்தின் பள்ளத்துக்குள் பலகையைப் பசையில்லாமல் நகரவிட்டுப் பொருத்துவதே சரியான முறை; பசை வைத்து இறுக்கியிருந்தால் பலகை பிளந்திருக்கும். சட்டத்தைக் கூட்டும் முன்பே பலகைக்கு நிறமும் முதல் கை பாலிஷும் கொடுத்திருந்தால் அந்தக் கோடுகள் தெரிந்திருக்காது. இப்போது அதே நிறத்தை மெல்லிய தூரிகையால் தொட்டுவிட்டால் போதும். சந்துக்கு, கதவின் ஓரத்தில் அதே தேக்கில் மெல்லிய பட்டை ஒட்டி இழைத்துக்கொள்ளலாம். அதையும் வீடு நன்றாகக் காய்ந்தபின் செய்யுங்கள்.

கேள்வி: நிலைக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் விழுகிறது. பீடிங் அடித்தால் மறைந்துவிடும் என்கிறார் ஆசாரி. இது குறையை மூடி மறைக்கும் வேலை அல்லவா? வரவேற்பறையில் ஏற்கெனவே அடித்த பீடிங்கின் மூலைகளும் வாய் பிளந்து நிற்கின்றன. (வாசகர், மதுரை)

பதில்: சிமெண்டும் மரமும் ஒன்றாகச் சுருங்கி விரிபவை அல்ல, அவை சந்திக்கும் கோட்டில் மயிரிழை விரிசல் வருவது எவ்வளவு திறமையான கொத்தனார் பூசினாலும் தவிர்க்க முடியாதது. அதைப் பட்டி வைத்து அடைத்தால் ஓராண்டில் மீண்டும் திறக்கும். அந்தக் கோட்டின் மேல் மெல்லிய மரச்சட்டம், அதாவது பீடிங், ஓட்டுவதுதான் அதற்குரிய முறை, ஆகவே உங்கள் ஆசாரி சொல்வது சரி. ஆனால் பீடிங் நன்றாக அமைவதும் அமையாததும் நிலை வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. நாலரை அங்குலச் சுவருக்கு இருபுறமும் பூச்சு சேர்ந்தால் ஐந்தரை அங்குலம் வரும். கடையில் 5 அங்குலம் என்று வாங்கிய நிலை இழைத்தபின் அதற்கும் குறைந்துவிடும். பூச்சு நிலையைவிட வெளியே பிதுங்கி நிற்க, அதன் மேல் அடிக்கும் பீடிங் ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும். அதை எந்த ஆசாரியாலும் நேராக்க முடியாது. வீடு இப்போது கட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த அளவைக் கட்டுமான மேற்பார்வையாளரிடம் இன்றே கேட்டுவிடுவது நல்லது.

மூலைகளைப் பொறுத்தவரை, பிளவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். 45 பாகையில் வெட்டிச் சேர்த்த மூலையில் உட்பக்கம் வாய் திறந்திருந்தால் மரம் பொருத்திய பிறகு இளைத்திருக்கிறது, அதாவது காயாத மரம். வெளிப்பக்கம் திறந்திருந்தால் பொருத்திய பிறகு ஈரம் ஏறிப் பருத்திருக்கிறது. முழுவதும் சீரான பிளவாக இருந்தால் வெட்டோ அளவோ பிழை. நிலையின் மூலை 90 பாகையில் இல்லாதபோது இருபுறமும் கண்ணை மூடிக்கொண்டு 45 வெட்டினால் உள்ளேயோ வெளியேயோ திறந்தே நிற்கும். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, இருக்கும் கோணத்தில் சரிபாதியாக வெட்ட வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான பீடிங்குக்கு நான் பரிந்துரைப்பது வேறு முறை: பக்கப் பட்டைகள் இரண்டும் நேராக எழுந்து நிற்க, மேற்பட்டை அவற்றின் தலைமேல் இருபுறமும் சிறிது நீட்டிக்கொண்டு அமரட்டும். மரம் எவ்வளவு இளைத்தாலும் அந்தச் சேர்க்கையில் பிளவு கண்ணை உறுத்தாது. பீடிங்கை நிலையின் விளிம்போடு சரியாக ஒட்டாமல் ஒரு நூல் உள்வாங்கி அடிக்கச் சொல்லுங்கள். அந்தச் சிறு படி சின்னக் கோணல்களையெல்லாம் விழுங்கிக்கொள்ளும், பார்க்கவும் அழகு.

கேள்வி: 7 அடிக்கு மூன்றரை அடி நிலைக்கு 5 × 3 அங்குலத் தேக்கு வாங்கினேன். கடைக்காரர் 2.6 கன அடி என்று விலை போட்டார். என் கணக்கில் அவ்வளவு வரவில்லை. ஏமாந்துவிட்டேனா? (வாசகர், தென்காசி)

பதில்: கணக்கு எளியது. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. கீழ்ப்படியும் சேர்த்து நான்கு துண்டுகளின் நீளம் 21 அடி. 5 × 3 × 21 வகுத்தல் 144 என்றால் 2.19 வரும். குறுக்குத் துண்டுகளைச் சுவருக்குள் செல்லும் காதோடு நான்கு நான்கு அடியாக வாங்கினால் மொத்தம் 22 அடி, 2.29 கன அடி. இழைப்புக்கென்று கால் அங்குலம் கூட்டி 5¼ × 3¼ என்று அறுத்திருந்தால் அதே 22 அடிக்கு 2.61 வருகிறது, உங்கள் கடைக்காரர் அப்படித்தான் கணக்கிட்டிருக்க வேண்டும். அறுத்த மரம் உண்மையிலேயே அந்த அளவில் இருந்ததா என்பதுதான் கேள்வி. இருந்தால் அது நியாயமான விலை. மரம் ஐந்துக்கு மூன்றாகவே இருந்து சீட்டில் மட்டும் கால் அங்குலம் கூடியிருந்தால் அது தவறு. டேப்பை நீங்களே பிடித்து, கடையிலேயே அளந்து, அளவுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அளவைவிட முக்கியம் வைரம், அதாவது மரத்தின் முற்றிய உட்பகுதி. பர்மா தேக்கு என்ற பெயரைச் சொல்லி விற்பதைக் கேட்டு மயங்க வேண்டாம்; செட்டிநாட்டு வீடுகளில் ஏறிய அந்தக் காலத்து மரம் வேறு. மியான்மர் தேக்கின் உருட்டுமர ஏற்றுமதியை 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. இன்று கடைகளில் ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டத் தேக்கு நிறைய வருகிறது. இளமரமாக வெட்டியதில் வெள்ளை, அதாவது முற்றாத வெளிப்பகுதி, அதிகம், வைரம் குறைவு. அதிலும் நல்ல துண்டுகள் உண்டு. ஆனால் நான்கு முகத்தையும் திருப்பிப் பார்த்து, வெள்ளை ஓடும் துண்டை ஒதுக்கிவைப்பது வாங்குபவரின் உரிமை.

கேள்வி: புதுக் கட்டிலிலிருந்து மாவு போன்ற தூள் தினமும் உதிர்கிறது. கறையானா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: கறையான் மண்குழாய் கட்டிக்கொண்டு தரையிலிருந்து ஏறும். குண்டூசித் துளையும் அதன் கீழே மாவுத்தூளும் என்றால் அது உளு, அதாவது மரத்துக்குள் வளர்ந்து வெளியேறும் வண்டு. அது பெரும்பாலும் வெள்ளைப் பகுதியையே தின்னும். துளைகளில் ஊசி வழியாக உளு மருந்து செலுத்தி, மேலே மெழுகால் அடைக்கச் செய்யுங்கள். தூள் நின்றுவிட்டதா என்று அடியில் கறுப்புத்தாள் விரித்துச் சில வாரங்கள் கவனியுங்கள். நிற்காவிட்டால் அந்தச் சட்டத்தை மட்டும் மாற்றிவிடுவதே நல்லது.

கேள்வி: 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பழைய வீட்டின் சமையலறை அலமாரிகள் அத்தனையும் ஊறி உதிர்ந்தன. இப்போது அதே பகுதியில் கட்டும் வீட்டுக்கு எந்தப் பலகை நல்லது? ஐ.எஸ். 710 முத்திரை இருந்தால் நீரில் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். (வாசகி, வேளச்சேரி, சென்னை)

பதில்: ஐ.எஸ். 710 என்பது மரைன் ப்ளைவுட்டுக்கான தரநிலை. அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் இருந்தும் பிரியக்கூடாது என்பது சோதனை. பசைக்கு வைத்த சோதனை அது. பலகை நாட்கணக்கில் சேற்றுநீரில் நின்றால் மரம் ஊறும், ஓரம் பருக்கும், மைக்கா கிளம்பும். இருந்தாலும் காய்ந்தபின் அதைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை ஊறிப் பருத்தால் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை, திருகாணியும் பிடிக்காது. ஆகவே உங்கள் பகுதியில் கீழ்வரிசைப் பெட்டிகளுக்குப் பார்ட்டிகிள் போர்டும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்.பும் வேண்டவே வேண்டாம். கீழ்வரிசையின் பக்கச்சுவர்களை செங்கல்லும் கருங்கல் பலகையுமாகக் கட்டி, முன்கதவுகளை மட்டும் ப்ளைவுட்டில் மாட்டிக்கொள்வது எனக்கு உகந்த ஏற்பாடு. நீர் வடிந்ததும் கதவுகளைக் கழற்றி நிழலில் காயவைத்து மீண்டும் மாட்டிக்கொள்ளலாம்.

கதவுகளில் கவனிக்க வேண்டியது, வெளிப்பக்கம் ஒட்டும் மைக்காவின் கனத்துக்கு நிகராக உட்பக்கமும் ஒட்டுவது. வெளியே 1 மில்லிமீட்டர் மைக்கா ஒட்டி உள்ளே வெறும் பெயிண்ட் அடித்தால் இருபக்கமும் ஈரம் ஏறும் வேகம் வேறுபட்டுக் கதவு வில்லாக வளையும். சிங்க்கின் குழாய்க்காகப் போட்ட துளையின் வெட்டுமுகத்தில் பசையோ சீலரோ தடவச் சொல்லுங்கள்; வெள்ளம் வராத வீடுகளிலும் அலமாரி அழுகத் தொடங்கும் இடம் அந்தத் துளைதான்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் வாங்கிய வீட்டில் சுவர் அடியில் அழகான மரச்சட்டம் ஓடுகிறது. எங்கள் வீட்டிலும் வைக்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அங்கே சுவர் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்தது, அந்தப் பலகை தரையைத் தொடாமல் நிற்கும் சந்தை மூட அச்சட்டம் தேவைப்படுகிறது. நம் சுவர் தரைவரை பூச்சு, தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். டைல் அல்லது கல்லே நமக்கு ஏற்றது. மர அழகு வேண்டுமென்றால் நீர்படாத உயரத்தில், நாற்காலி முதுகு உரசும் மட்டத்தில் ஒரு பட்டை ஓட்டுங்கள்.

கேள்வி: தலைவாசல் கதவு மேற்குப் பார்த்தது. பிரெஞ்சு பாலிஷா, பி.யு.வா? கார்த்திகையில் முடித்துத் தரச் சொல்லியிருக்கிறோம். (வாசகி, புதுச்சேரி)

பதில்: அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் உள்ளறைகளுக்கு மிக அழகு, மேற்கு வெயிலும் சாரலும் அடிக்கும் வாசலில் அது தாங்காது. வெளிப்புறத்துக்கான பி.யு., அதாவது பாலியூரித்தேன் பூச்சு, பூசுங்கள். எதுவானாலும் கார்த்திகையில் வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பூசிய பாலிஷ் வெளுத்துப் பூத்துவிடும், பி.யு.வில் குமிழி வரும். மரமும் அப்போது ஈரத்தோடுதான் இருக்கும். இப்போதைக்குக் கதவின் ஆறு முகங்களுக்கும் சீலர் மட்டும் ஒரு கை கொடுத்து நிறுத்துங்கள். மாசியில் அதைத் தேய்த்து எடுத்து, இறுதிப் பூச்சைப் போட்டுக்கொள்ளுங்கள்.