நேர்ச்சையைத் தள்ளிப்போட்டால் பாவமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 39. விசைப்படகு டிரைவர். டயாலிசிஸில் இருந்தவருக்கு ஏப்ரல் கடைசியில் மதுரையில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தது என் மாமியார். ஆறு வாரம் அங்கேயே தங்கியிருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். வந்த நாளிலிருந்து வாசலில் கூட்டம் குறையவில்லை. மாமியார் ஓரியூர் செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்து மகனைக் குடிக்கச் சொல்கிறார். படகு முதலாளி ராமேஸ்வரம் கோயில் தீர்த்தம் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு அக்கா ஏர்வாடி தர்காவில் ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார். ஜூலைத் திருவிழாவுக்கு வேர்க்காடு புனித சந்தியாகப்பர் கோயிலுக்கு மகனை நடத்திக் கூட்டிவருவதாக மாமியார் நேர்ந்திருக்கிறார். நான் வேண்டாம் என்றால், "கிட்னியைக் கொடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா?" என்கிறார். கணவரோ எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவருக்கு விசுவாசம் போய்விட்டதா? நேர்ச்சையைத் தடுத்தால் பாவம் என் தலையில் விழுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தங்கச்சிமடம்.

பதில்:

அன்புச் சகோதரி,

விழாது. ராத்திரித் தூக்கத்தை இதற்காகக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1983-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு தனிப்பட்ட நேர்ச்சைகளைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. நேர்ந்துகொண்டவரே அதை அதற்கு இணையான அல்லது மேலான வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம். தகுந்த காரணம் இருந்தால் பங்குத்தந்தை அதிலிருந்து விலக்கும் கொடுக்கலாம். நீங்கள் கேட்பதோ மாற்றமும் இல்லை, விலக்கும் இல்லை. ஒரு வருடம் தவணை, அவ்வளவுதான். சந்தியாகப்பருக்கு அடுத்த ஜூலையிலும் திருவிழா உண்டு.

ஆனால் இதை உங்கள் வாயால் மாமியாரிடம் சொல்லாதீர்கள். மருமகள் சொன்னால் அது சட்டமாகக் கேட்காது, தடையாகத்தான் கேட்கும். பங்குத்தந்தையிடம் நீங்கள் முன்னதாகப் போய் மருத்துவர் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள். பிறகு அவரையே வீட்டுக்கு அழையுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சளி இருமல் இல்லாத நாளாகப் பார்த்து வரட்டும். உங்கள் கணவருக்கு நற்கருணையும் வீட்டிலேயே கிடைத்துவிடும். "அம்மா, உங்கள் நேர்ச்சை நிற்கிறது, நாள்தான் தள்ளிப்போகிறது" என்று பங்குத்தந்தை சொல்லும் ஒரு வாக்கியம், நீங்கள் பத்து நாள் வாதாடுவதைவிட அதிக வேலை செய்யும்.

அடுத்து அந்த மண்ணும் தண்ணீரும். உங்கள் வீட்டு மேசையில் ஓரியூர் மண்ணும் ஏர்வாடித் தண்ணீரும் ராமேஸ்வரம் தீர்த்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று படித்தபோது, அந்தத் தீவின்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. கொண்டுவந்து வைத்தவர்கள் ஒருவர்மேலும் குறை சொல்ல முடியாது. 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி, விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த புனித அருளானந்தர் வெட்டுண்ட ஓரியூர் மணல், அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பி வளர்ந்தவர் உங்கள் மாமியார். அந்த நம்பிக்கையோடு சண்டை போட்டு ஜெயிக்கவும் முடியாது, ஜெயிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மண் வீட்டில் இருக்கட்டும். உங்கள் கணவர் வாய்க்குள் போகக் கூடாது, தழும்பின்மேல் பூசக் கூடாது. எந்த மண்ணிலும் கிருமியும் பூஞ்சையும் உண்டு. நமக்கு ஒன்றும் செய்யாத அவை, இப்போது அவரை ஐ.சி.யூ. வரை கொண்டுபோய்விடக்கூடும். கிணற்றுத் தீர்த்தத்துக்கும் ஓதிய தண்ணீருக்கும் இதே விதிதான். மூன்றையும் மாதா படத்துக்குக் கீழே மூடி போட்ட கிண்ணங்களில் வையுங்கள். கொண்டுவந்தவர் அடுத்த முறை வரும்போது அது அங்கே இருப்பதைப் பார்த்தாலே அவர் மனம் நிறைந்துவிடும். குடிப்பதற்கு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் மட்டும். லாரித் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதுவானாலும் அப்படித்தான்.

"என் ரத்தம்தானே, என் பிள்ளைக்கு ஏன் ஒத்துக்கொள்ளாது?" என்று மாமியார் இனிமேல் கேட்பார், இதுவரை கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். அதற்கு ஒரு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை உடம்பில் பாதி அடையாளம் தாயுடையது, மறுபாதி தகப்பனுடையது. ஆகவே தாயின் சிறுநீரகத்தில் பாதி அந்த உடம்புக்கு அந்நியம்தான். 1954-ல் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாக வெற்றிகரமாகச் சிறுநீரகம் மாற்றியது, அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்த இரட்டையர்களுக்கு. அதனால்தான் அந்தச் சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்கவில்லை. மரேக்கு 1990-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அப்படி ஒன்றுபோல் இருக்கும் இரட்டையர் அல்லாத எல்லோருக்கும் மாத்திரைதான் காவல். எல்லை தாண்டி வந்த படகை ரோந்துக் கப்பல் விரட்டுகிற மாதிரி, உடம்பு புதுச் சிறுநீரகத்தை விரட்டப் பார்க்கும். அந்த ரோந்தைத் தணித்து வைக்கத்தான் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் எல்லாம். உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு வேறு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

இதிலிருந்து ஒன்று புரியும். "எதிர்ப்பு சக்தி கூடும்" என்று சொல்லி யாராவது லேகியமோ சீந்தில் கஷாயமோ கொண்டுவந்தால், அது அவருக்கு நேர் எதிரி. நாம் மாத்திரை கொடுத்துத் தணிப்பதை அது தூண்டிவிடக்கூடும். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம். டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கருப்பட்டிக் காபியைப் பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், இந்த மாத்திரைகள் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. மீன், நண்டு, இறால் உள்ளே வரை நன்றாக வெந்திருக்க வேண்டும். இடுப்பு வலி, பல் வலி என்று மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. உள்ளூர் மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதினாலும் மதுரைக்கு ஒரு போன் போட்டுவிட்டுத்தான் விழுங்க வேண்டும். சில மருந்துகள் டாக்ரோலிமஸைக் கூட்டும், சில குறைக்கும்.

ரத்தப் பரிசோதனை நாள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தீவிலிருந்து போகிறவர்கள் தவறுகிற இடம் இதுதான். டாக்ரோலிமஸ் அளவு பார்க்கிற ரத்தத்தைக் காலை மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும், அதாவது முந்தின இரவு போட்டதிலிருந்து சுமார் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. பாம்பன் பாலம் தாண்டி மதுரை போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடியற்காலை பஸ் ஏறும்போது பழக்கதோஷத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டால் அன்றைய அளவு தப்பாக வரும், அதை வைத்து மருந்தை மாற்றினால் இன்னும் தப்பு. மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகட்டும்; ரத்தம் கொடுத்த கை ஆறுவதற்குள் போட்டுக்கொள்ளட்டும். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததுக்கு ஏற்பாடு செய்யுங்கள். மழையோ பஸ் மறியலோ ஒரு நாளைக் கெடுத்துவிடக் கூடாது.

இனி கணவரின் கோபத்துக்கு வருகிறேன். விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கம் போயிருக்கும், அதுதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. பிரெட்னிசோலோன் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும், சிலருக்கு அழுகையும் வரவைக்கும். டாக்ரோலிமஸ் கையை நடுங்க வைக்கும். படகின் ஸ்டீயரிங்கைப் பிடித்த கை ஜெபமாலை மணியை உருட்டும்போது தடுமாறினால், அதை நாலு பேர் பார்ப்பதை அவர் விரும்புவாரா? மருத்துவரிடம் இந்த இரண்டையும் மறக்காமல் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்களாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்.

மருந்து மட்டும் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. அவர் படுத்திருந்த ஏப்ரல், மே மாதங்களில் தடைக்காலம், ஊர்ப் படகெல்லாம் கரையில்தான் கிடந்தன. ஜூன் 14 முடிந்து எல்லோரும் கடலுக்குப் போனபோது அவர் மட்டும் திண்ணையில். உங்கள் கடிதத்தில் கோபம் எப்போது தொடங்கியது என்று எழுதவில்லை. காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். இன்னொன்று, தாய் தன் உடம்பை அறுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்ட மகன் அவர். அந்தத் தாய் பக்கத்தில் உட்கார்ந்து தனக்காக மன்றாடும்போது அவருக்குள் கடன்பட்டவனின் கூச்சம் இருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பியது கடவுளைப் பார்க்காமல் இருக்கத்தான் என்று நான் நினைக்கவில்லை. ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் அவர் முன்னால் சொல்ல வேண்டாம். ஒரு பத்து மணி போதும், அவர் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். மீதியை மாமியார் வெளித் திண்ணையில் சொல்லிக்கொள்ளட்டும்.

அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். படகுக்கு டீசல், ஐஸ், பங்கு என்று கணக்கு எழுதிய மனிதர். ஒரு நோட்டில் தினமும் காலை எடை, ரத்த அழுத்தம், காய்ச்சல் அளவு, குடித்த தண்ணீர், போன சிறுநீர் ஆகியவற்றை அவரே எழுதட்டும். நீங்கள் எழுதாதீர்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் குறைவது, ஓரிரு நாளில் எடை ஒரு கிலோவுக்கு மேல் ஏறுவது, கால் வீக்கம், அடிவயிற்றில் புதுச் சிறுநீரகம் இருக்கும் பக்கத்தில் வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கடலுக்கு எப்போது போகலாம் என்ற கேள்வியை அவரே மருத்துவரிடம் கேட்கட்டும். இப்போதைக்கு வலை இழுப்பதும் ஐஸ் பெட்டி தூக்குவதும் கிடையாது. அதன் பிறகு என்ன என்பது அவர் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

வாசலில் நிற்கும் கூட்டத்தை விரட்டினால் ஊரில் பேச்சு வரும், எனக்குத் தெரியும். விரட்ட வேண்டாம், வெளியிலேயே நிறுத்துங்கள். முதல் ஆறு மாதம்தான் தொற்றுக்கு அதிகம் பயப்பட வேண்டிய காலம். அன்பியத்தார், அதாவது பங்கில் உங்கள் பகுதி ஜெபக் குழுவினர், முற்றத்தில் பாய் விரித்து ஜெபிக்கட்டும், அவர் உள்ளே கட்டிலில் இருந்து கேட்கட்டும். "நாங்கள் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறவர்களிடம் "ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஒருவர் குடிதண்ணீர் பிடித்துத் தரட்டும், ஒருவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடட்டும், ஒருவர் மதுரைக்குத் துணைக்கு வரட்டும். பெயர் சொல்லி, நாள் சொல்லிக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். படகு முதலாளியிடமிருந்து தொடங்குங்கள். ராமேஸ்வரம் போய்த் தீர்த்தம் எடுத்துவந்தவர், மதுரைக்கு ஒரு கார் அனுப்பமாட்டாரா?

கடைசியாக உங்கள் மாமியார். கடிதம் முழுக்க அவர் பிடிவாதக்காரராக வருகிறார். எனக்கோ அவரைப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒருவர்கூட அவரை நோயாளியாகப் பார்க்கவில்லை, அவரும் தன்னை அப்படிப் பார்க்கவில்லை. வயிற்றில் தையல் போட்டு இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. மகனுக்காக வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறாரா என்று கேளுங்கள். ராமநாதபுரத்து வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பது ஒற்றைச் சிறுநீரகத்துக்கு நல்லதில்லை. உபவாசத்தை வேறொரு நற்செயலாக மாற்றவும் அவருக்கு உரிமை உண்டு, அதையும் பங்குத்தந்தையே சொல்லட்டும். வலி மாத்திரை விஷயம் அவருக்கும் பொருந்தும். வருடம் ஒரு முறையாவது ரத்த அழுத்தம், சிறுநீர், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது அவருடைய பைலையும் எடுத்துக்கொண்டு, அவர் பெயருக்கும் ஒரு சீட்டுப் போடுங்கள்.