பழைய லொறியின் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை: முழு செட்டையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 1994ஆம் ஆண்டு இசுசு எல்ஃப் லொறி ஒன்று இருக்கிறது. கொழும்பு புறக்கோட்டையில் சீமெந்தும் கம்பியும் ஏற்றிக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். பாரத்துடன் புதுக்கடை மேட்டில் நிறுத்தினால், ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்த பின்பும் லொறி மெதுவாகப் பின்னுக்கு நகர்கிறது. கராஜில் இரண்டு முறை கேபிளை இறுக்கினார்கள். ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. ட்ரம், ஷூ, கேபிள் எல்லாம் சேர்ந்த ரீகண்டிஷன் (பழையதைப் புதுப்பித்த) செட் ஒன்றை, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எடுத்துத் தருவதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். உங்கள் லொறியின் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களில் இல்லை. கியர் பொக்ஸுக்குப் பின்னால், சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பெலர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கும் சிறிய ட்ரம் ஒன்றையே அது பிடிக்கிறது. ட்ரம்முக்குள் இருக்கும் வளைந்த ஷூக்கள் விரிந்து, அவற்றின் மேல் உள்ள லைனர் ட்ரம்மை உரசிப் பிடிக்கும். ஆகவே கால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று யாராவது ஆறுதல் சொன்னால், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

முதலில் லிவரை இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் மேலே வரை வந்தால் லைனர் தேய்ந்திருக்கிறது அல்லது ஷூ ட்ரம்மிலிருந்து விலகி நிற்கிறது. வழக்கமான இடத்திலேயே இறுகி நின்றும் லொறி நகர்ந்தால், லைனரில் எண்ணெய் பட்டிருக்கிறது என்றே நான் முதலில் சந்தேகிப்பேன். ஓடும்போது லிவரை இழுத்துச் சோதிக்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். இந்த வகைப் பிரேக்கில் அந்த அதிர்ச்சி முழுவதும் ஷாஃப்ட் மூட்டுகளிலும், பின் அச்சில் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிபரன்ஷலின் பற்களிலும் விழும்.

கேபிளை இறுக்குவதுதான் நம் கராஜ்களின் தீராத பழக்கம். ஐந்து நிமிட வேலை, லிவரும் உடனே இறுக்கமாகிவிடும், வாடிக்கையாளரும் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் லைனருக்கும் ட்ரம்முக்கும் இடையில் உள்ள இடைவெளி அப்படியே இருக்கக் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினால், ட்ரம்முக்குள் இருக்கும் சிறு நெம்புகோல், நீங்கள் லிவரைத் தொடும் முன்பே பாதி தூரம் போய்விடும். பிறகு நீங்கள் எவ்வளவு பலமாக இழுத்தாலும் ஷூவை விரிக்க அதற்குத் தூரம் மிஞ்சாது. சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில் கேபிளைத் தளர்த்திவிட்டு, ட்ரம்மின் சிறு துளை வழியே பல்சக்கர அட்ஜஸ்டரை ஷூ முட்டும் வரை திருப்பி, ட்ரம் தடையின்றிச் சுழலும் அளவுக்குப் பின்வாங்க வேண்டும். எத்தனை பல் என்பது அந்த மாடலின் கைநூலில் இருக்கும். கேபிளை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும்.

எண்ணெய் பட்டிருந்தால் இந்த வேலை எதுவும் பயன் தராது. கியர் பொக்ஸின் பின்பக்கத்தில் எண்ணெயைத் தடுத்து நிற்கும் வளையமான ஒயில் சீல் கசிந்தால் எண்ணெய் இறங்குவது இந்த ட்ரம்முக்குள்தான். லைனரைப் பெற்றோலில் கழுவித் தருகிறேன், நெருப்பில் வாட்டித் தருகிறேன் என்பார்கள். சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மீண்டும் வெளியே வரும். சீலை மாற்றி, சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கியர் பொக்ஸின் காற்றுத் துவாரம் மண்ணால் அடைபட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். துவாரம் அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புதுச் சீலையும் கசிய வைக்கும். அதன் பிறகு, இருக்கிற ஷூவிலேயே புது லைனர் அடித்துக்கொள்ளலாம். ட்ரம் வெடித்திருந்தாலோ, அளவுக்கு மேல் தேய்ந்திருந்தாலோ அன்றி அதை மாற்றத் தேவையில்லை. பழைய லைனர் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிட மட்டும் அனுமதிக்காதீர்கள். அக்கால லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும்.

தரகரின் செட்டைப் பற்றிச் சொல்வதானால், ரீகண்டிஷன் என்ற சொல்லுக்குள் எதையும் அடக்கலாம். கடைசல் போட்டுப் போட்டு மெலிந்த ட்ரம்முக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தாலும் அது ரீகண்டிஷன்தான். பஞ்சிகாவத்தையில் நேர்மையாக விற்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள்; ஆனால் தரகரோடு போனால் அவருடைய பங்கும் உங்கள் விலையில் ஏறும். நீங்களே பழைய ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கழற்றிய பொருள் எதையும் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள். லொறி ஓடத் தகுந்தது என்று கொடுக்கும் தகுதிச் சான்றிதழுக்கு லொறியைக் கொண்டுவரவே தேவையில்லை என்று அதே தரகர் அடுத்த வாரம் சொன்னாலும் எனக்கு வியப்பிராது. புகைப் பரிசோதனைக்கு ஆண்டுதோறும் வரிசையில் நிற்கிறோம்; பாரம் ஏற்றிய லொறி மேட்டில் நிற்குமா என்பதை யாராவது ஒருமுறையாவது ஒழுங்காகப் பார்த்தால் இந்தக் கேள்விகளில் பாதி எனக்கு வராது.

ஒன்றை மட்டும் நீட்டிச் சொல்கிறேன். இந்தப் பிரேக் சரியாக வேலை செய்தாலும், பின் சக்கரங்களில் ஒன்றை ஜக் போட்டுத் தூக்கினால் லொறி நிற்காது. ஷாஃப்ட் அசையாமல் இருந்தாலும், தூக்கிய சக்கரம் ஒரு பக்கமாகச் சுழல, தரையில் உள்ள சக்கரம் மறுபக்கமாக உருள டிபரன்ஷல் இடங்கொடுக்கும். டயர் மாற்றும்போது லொறி ஜக்கிலிருந்து விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஷாஃப்ட்டைக் கழற்றினாலோ ஹேண்ட் பிரேக் இல்லாததற்குச் சமம். எனவே சீல் வேலைக்காக ஷாஃப்ட்டை இறக்கும் முன் லொறியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். வேலை முடியும் வரை மேட்டில் நிறுத்த நேர்ந்தால், முகம் மேட்டைப் பார்த்திருக்கும்போது முதல் கியரிலும் இறக்கத்தைப் பார்த்திருக்கும்போது ரிவர்ஸிலும் விட்டு, இறக்கப் பக்கத்தில் கட்டை வையுங்கள். கராஜ் பாஸ் (மெக்கானிக்) சிரித்தாலும், கட்டை வைத்த பிறகே அவரை லொறிக்குக் கீழே படுக்க விடுங்கள்.