பழைய போஸ்ட் கார்டில் பக்கிங்காம் கால்வாய்: கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பட அட்டை கிடைத்தது. கால்வாய், படகு, பனை மரங்கள். தேதி இல்லை. எந்தக் காலத்தது?

பதில்: படத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் அட்டையைத் திருப்புங்கள். பின்பக்கத்தை நடுவில் கோடு பிரித்து, ஒரு பாதி செய்திக்கும் மறுபாதி முகவரிக்கும் விட்டிருந்தால், அது 1902-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அந்த ஆண்டில்தான் பிரிட்டன் இதை அனுமதித்தது. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. அதற்கு முன் பின்பக்கம் முழுக்க முகவரிக்குத்தான். சேதி எழுத இடமில்லாமல் படத்தின் ஓரத்தில், சில சமயம் வானத்தின் மேலேயே, நுணுக்கி எழுதியிருப்பார்கள். தபால்தலை ஒட்டியிருந்தால் இன்னும் சுலபம். ஏழாம் எட்வர்டு என்றால் 1902 முதல், ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911 முதல். இருவரும் தாடிக்காரர்கள், அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். முத்திரை சொல்வது அட்டையைத் தபாலில் போட்ட நாளை. படம் அதைவிடப் பல வருஷம் பழையதாக இருக்கலாம். நன்றாக விற்ற படத்தைத் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள்.

கேள்வி: என் அட்டையில் கொக்ரேன் கால்வாய் என்று போட்டிருக்கிறது. அது வேறா?

பதில்: அதேதான். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் வெட்டியபோது பேசில் கொக்ரேன் பெயரில் வழங்கியது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபு. பெயர் அவருக்குப் போய்விட்டது. கூலிக்கு மண் சுமந்தவர்கள் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.

கேள்வி: படகு தண்ணீரில் இருக்க, ஆட்கள் ஏன் கரையில் நடக்கிறார்கள்?

பதில்: நடக்கவில்லை, இழுக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள், பாய்மரத்திலிருந்து மெல்லிய கோடாகக் கயிறு இறங்கி அவர்கள் தோளுக்கு வரும். உயரத்தில் கட்டினால்தான் கரையோரப் புதரில் கயிறு மாட்டாது. காற்று தோதாக இருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லாவிட்டால் கழி ஊன்றுவார்கள், அதுவும் ஆகாதென்றால் தோள்தான். ஏற்றிப் போனது பெரும்பாலும் விறகு, உப்பு, நெல். படகில் குவியல் கறுப்பாகத் தெரிந்தால் நான் விறகு என்றே எடுத்துக்கொள்வேன். சென்னையின் அடுப்புகளுக்கு அவ்வளவு விறகு தேவைப்பட்டது.

கேள்வி: வண்ணம் நிஜமா?

பதில்: இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் பிறகு ஏற்றிய சாயம். அந்தக் காலத்துப் பட அட்டைகளில் கணிசமானவை ஜெர்மனியில் அச்சானவை. வண்ணம் போட்டவர் கூவத்தைக் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பில்லை. என்னிடம் ஒரே படம் இரண்டு அட்டைகளாக இருக்கிறது. படகுக்காரர் முண்டாசு ஒன்றில் சிவப்பு, இன்னொன்றில் பச்சை.

கேள்வி: கடையில் ஒன்று பார்த்தேன், அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பின்பக்கக் கையெழுத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பேனா அழுத்திய தடம் தெரிய வேண்டும். தபால்தலையின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். எழுத்து, தலை, முத்திரை எல்லாம் ஒரே வழவழப்பாக இருந்தால் நகல். வாங்கிய பிறகு லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், செலோடேப்பும் கூடாது. குறிப்பெழுதப் பென்சில் போதும்.

கேள்வி: படத்தில் உள்ள இடத்தை இன்று போய்ப் பார்க்க முடியுமா?

பதில்: சேப்பாக்கத்துக்குத் தெற்கே என்றால் கொஞ்சம் கஷ்டம். பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. உங்கள் அட்டையில் பாலம் இருந்தால் வளைவுகளை எண்ணி எழுதுங்கள், சேர்ந்தே தேடுவோம்.