எதில் சேர்வது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம்–உயிரியல் பிரிவு. கணிதம் 78, இயற்பியல் 80, வேதியியல் 84, உயிரியல் 88 வாங்கியிருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். கூடப் படித்தவர்கள் டாக்டர், ஐ.ஏ.எஸ். என்று ஏதாவது சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. அப்பா இன்ஜினியரிங் என்கிறார், மாமா நர்சிங் என்கிறார். தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, பத்தாயிரம் முன்பணமும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கொடுத்தால் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எதை வைத்து முடிவெடுப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் அந்தப் பத்தாயிரம். கொடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே அப்பாவிடம் சொல்லுங்கள். நீங்கள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர். 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. கலந்தாய்வு வழியாகப் போனால்தான் இது உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. வீட்டுக்கு வந்தவர் கேட்பது, இலவசமாகக் கிடைக்கக்கூடியதை விட்டுவிட்டு நான்கு வருடம் பணம் கட்டச் சொல்வது. மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் சான்றிதழும் ஒருமுறை அந்தக் கல்லூரி அலுவலகத்துக்குள் போய்விட்டால், ஆகஸ்டில் வேறு நல்ல இடம் வரும்போது திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். ஒரிஜினல்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. விதி இருக்கிறது. நடைமுறையில் பல வீடுகள் அலைந்துதான் வாங்குகின்றன.

இலக்கு இல்லாதது குறை இல்லை. பதினேழு வயதில் சொல்லும் இலக்குகளில் பெரும்பாலானவை கேட்டுப் பழகிய சொற்கள். தெரியாதவர் செய்ய வேண்டியது வேறு: மூன்று நான்கு வருடம் கழித்து மனம் தெளியும்போது எந்தப் படிப்பிலிருந்து அதிக வழிகள் திறந்திருக்கும் என்று பார்த்துச் சேர்வது.

அப்படிப் பார்த்தால் பி.எஸ்சி. கணிதமும் இயற்பியலும் பலர் நினைப்பதைவிட வலுவானவை. முடித்துவிட்டு இரண்டு வருட எம்.சி.ஏ. போகலாம், பி.எட். போகலாம், ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்கலாம். மனம் மாறி இன்ஜினியரிங்கே வேண்டும் என்றால் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு பி.இ. நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கை இருக்கிறது. இது ஊரில் பலருக்குத் தெரியாது. குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வுகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கம். அதன் இளநிலைச் சேர்க்கைக்கான க்யூட் நுழைவுத் தேர்வு விண்ணப்பம் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே மூடிவிடுகிறது. தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் ஜே.இ.இ. எழுதியிருக்க வேண்டும். இந்த இரண்டும் இந்த வருடம் உங்களுக்கு இல்லை. ஆனால் பட்டம் முடித்த பிறகு நீலக்குடியில் முதுநிலைக்கு முயலலாம். உங்களுக்குத் தம்பி தங்கை இருந்தால் இதை இப்போதே குறித்து வையுங்கள்.

நர்சிங், கால்நடை மருத்துவம், பார்மசி எல்லாம் வேறு வகை. வேண்டும் என்று போகிறவருக்கு நேரான பாதை. ஏனோதானோவென்று போனவருக்கு நடுவில் இறங்க இடமில்லை. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், அதில் பெரும்பகுதி வார்டில் நின்று செய்யும் வேலை. மாமா சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். வேலை பார்க்கும் செவிலியர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள், அவருடைய நைட் டியூட்டியைப் பற்றிக் கேளுங்கள். கேட்ட பிறகும் ஆசை இருந்தால் அது உங்களுடையது.

இப்போது உங்கள் மதிப்பெண். பொறியியலுக்குக் கணிதம் முழுதாக, மற்ற இரண்டும் பாதியாக: 78, 40, 42. கட்-ஆஃப் 160. அரசு கலைக் கல்லூரிக்கு நான்கு பாடமும் சேர்த்து 400க்கு 330. இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள், ஒன்றுக்காக மற்றொன்றை விடாதீர்கள். கலைக் கல்லூரிச் சேர்க்கை முன்னதாக நடக்கும், திருவாரூர் திரு.வி.க., மன்னார்குடி ராஜகோபாலசாமி இரண்டு கல்லூரியையும் போடுங்கள்.

பொறியியல் கலந்தாய்வில் பிள்ளைகள் இடத்தை இழப்பது பெரும்பாலும் விருப்பப் பட்டியலில்தான். பத்துக் கல்லூரி மட்டும் போடுகிறார்கள். ஐம்பது போட்டாலும் தடையில்லை. கிடைக்காது என்று பயந்து நல்ல கல்லூரியைக் கீழே எழுதுகிறார்கள். கணினி மேலிருந்து கீழாகத்தான் பார்க்கிறது, எட்டாததை மேலே எழுதுவதால் எதுவும் பறிபோகாது. உங்களுக்கு உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதே வரிசையில் எழுதுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் நான்கைந்து கல்லூரிகள் உண்டு, பெயரை விட்டுவிட்டுக் கல்லூரி எண்ணைச் சரிபாருங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் ஒப்புதல் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். அந்த நாட்களில் போனில் சிக்னல் இருக்கும் இடத்தில் இருங்கள்.

எந்தக் கல்லூரி என்பதற்கு விளம்பரப் பலகையைப் பார்க்காதீர்கள். கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவமும் வெளியிடுகிறது. முந்தைய வருடக் கட்-ஆஃப்களும் கலந்தாய்வு இணையதளத்தில் பிரிவுவாரியாக இருக்கின்றன. 7.5 பட்டியலில் கட்-ஆஃப் பொதுப் பட்டியலைவிடப் பொதுவாகக் குறைவாகவே நிற்கும். அதனால் 160ஐப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரியை மேலே வையுங்கள். பாடத்தில் இ.சி.இ., இ.இ.இ., கம்ப்யூட்டர் சயின்ஸ் போல நெடுநாள் இருப்பதை எடுங்கள். நேற்று முளைத்த பெயருள்ள பாடத்துக்குச் சில கல்லூரிகளில் அதே துறை படித்த ஆசிரியர் இருக்க மாட்டார். பி.எஸ்சி.யிலும் இதே எச்சரிக்கைதான். புதுப் பெயர்ப் பட்டங்கள் அரசு ஆசிரியர் பணிக்கு இணையானவை இல்லை என்று அரசாணை வந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

கலைக் கல்லூரிக்கு ஒரு வேலை நாளில் நேரில் போங்கள். மூன்றாம் வருட மாணவிகளிடம் கேளுங்கள்: போன பருவம் எத்தனை தாள் ஆசிரியர் இல்லாமல் ஓடியது? ஆய்வகத்தில் கருவியைத் தொட விடுகிறார்களா? பெரும்பாலான பேருக்கு எந்தத் தாளில் அரியர்? காலை ஷிப்டா மாலை ஷிப்டா என்பதை உறுதியாகக் கேளுங்கள். மாலை ஷிப்ட் முடிந்து உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது மூன்று வருடமும் உங்களைத் துரத்தும் விஷயம்.

பணம் பற்றி ஒன்று. நம் பகுதியில் சம்பா அறுத்த காசு தை, மாசியில் வருகிறது. கல்லூரிக்குப் பணம் கேட்பது ஆனியிலும் ஆடியிலும், குறுவைக்கு உழவும் உரமும் போட்டுக் கை காலியாக இருக்கும்போது. அப்போதுதான் வட்டிக்கு வாங்குகிறார்கள். 7.5இல் இடம் வந்தால் இந்தச் சுமை இல்லை. எங்கே சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு உங்கள் பெயரில், ஆதார் இணைத்து இருக்க வேண்டும். 7.5இல் வராமல் பொதுக் கலந்தாய்வில் தனியார் கல்லூரி வந்தால் கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் கைகொடுக்கும், வீட்டில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். 7.5இல் அரசுக் கல்லூரியோ நல்ல தேர்ச்சி உள்ள கல்லூரியோ வந்தால் அப்பா சொல்வதுபடி இன்ஜினியரிங் சேருங்கள். கணிதத்தில் 78 எடுத்திருக்கிறீர்கள், முதல் பருவக் கணிதத் தாளை அன்றாடம் போட்டுப் பார்த்தால் தாண்டிவிடலாம். தேர்ச்சி மோசமான கல்லூரிதான் வருகிறது என்றால் அது இலவசமானாலும் வேண்டாம், திருவாரூரில் இயற்பியல் சேருங்கள்.

இந்த வாரம் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று கோப்பு நகர நாளாகும். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் எழுதி வாங்குங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்க வேண்டும். சாதிச் சான்றிதழில் பெயரின் எழுத்தும் இனிஷியலும் மதிப்பெண் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று இன்று இரவே பாருங்கள்.